சின்னராசு மாமா கேட்டு வாங்கிய ரத்தம்

1987 செப்டம்பரில், சாலை மறியல் வாரத்தின் இரண்டாம் நாள் காலை, சின்னராசு மாமா எலவனாசூர்கோட்டையை விட்டுக் கயிற்றுக் கட்டிலில் புறப்பட்டார். இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மரம் வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் மரங்களுக்கு மாமா பொறுப்பு. முதல் புளியமரத்தைச் சரியாகச் சாய்த்தார். இரண்டாவதில் கயிறு கட்ட ஏறியவர் கிளையோடு கீழே வந்தார். முதுகெலும்பு உடைந்துவிட்டது.

கார் வர வழியில்லை. வழியில் ஏழு மரங்கள். ஒவ்வொன்றின் மேலும் கட்டிலைத் தூக்கிக் கடத்தினார்கள். காவலுக்கு நின்றவர்கள் கோஷம் போட்டு வழியனுப்ப, மாமாவும் படுத்தபடியே கையை உயர்த்தினார். ஏழாவது மரத்தில் கை உயரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் முதுகைத் திறந்து, கம்பி வைத்துத் தைத்தார்கள். கால் விரல்கள் அசைந்தன. வேறு யாராக இருந்தாலும் அதோடு சந்தோஷப்பட்டிருப்பார்கள். மாமா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

அதில் வெள்ளிமலை முனியன். மலைப்பாதையில் ஜீப் உருண்டு அவருக்கும் அதே ஆபரேஷன். ரத்தம் நிறையப் போய்விட்டதால் அவருக்கு இரண்டு பாட்டில் ஏற்றியிருந்தார்கள். மாமாவுக்கு ஒரு சொட்டுகூட இல்லை.

"மலையில இருக்கறவனுக்கு ரெண்டு, எனக்கு சைபரா? இதுக்குத்தாம்மா போராடிக்கினு இருக்கோம்," என்றார் டாக்டர் ராஜாம்பாளிடம்.

"உங்களுக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் ஒன்பது கிராம் இருக்கு, போதும். மீதி சாப்பாட்டுல ஏறிடும். தேவையில்லாம அடுத்தவங்க ரத்தத்தை ஏத்தினா குளிர்காய்ச்சல் வரும், புண்ணுல சீழ் பிடிக்கலாம், மஞ்சள் காமாலைகூட வரலாம்."

"அவனுக்கு மட்டும் வராதா?"

"வரலாம். ஆனா ஏத்தலைன்னா அவர் செத்திருப்பார்."

முனியன் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணே, ஒருக்கா ஜீப்புல உருண்டுட்டு வாங்க. குடுப்பாங்க."

சாலை திறந்ததும் உறவினர்கள் ஒரு லாரி நிறைய வந்தார்கள். "ரத்தம் ஏத்தலியா?" என்று கல்யாணத்தில் பாயசம் போடாததைக் கேட்பதுபோல ஒவ்வொருவராகக் கேட்டார்கள். சரி, நீங்கள் யாராவது கொடுக்கிறீர்களா என்று நர்ஸ் திருப்பிக் கேட்டதும், எல்லோருக்கும் ஊரில் வேலை ஞாபகம் வந்தது.

"ஏங்க, படிச்சவங்க வாணாம்னா வுட்டுடுங்க," என்றார் மாமாவின் மனைவி கண்ணகி அத்தை.

அத்தையின் தம்பி பிச்சைமுத்து விடவில்லை. "நீ சும்மா இரு அக்கா. மாமா மூஞ்சி வெளுத்துக்கினு கிடக்குது. இன்னா டாக்டரு இவங்க?"

பதினைந்தாம் நாள் மாமா கோல் ஊன்றி நடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி வைத்ததும் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். பிச்சைமுத்து அவரைக் கள்ளக்குறிச்சியில் தனக்குத் தெரிந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனார். ரத்தம் விற்றே பிழைக்கும் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் கை முழுக்க ஊசித் தழும்பு. மாமாவுக்கு உரிய ஒரு பாட்டில் உள்ளே போனது.

அரை மணி நேரத்தில் கட்டில் கால்கள் தரையில் தட்டுகிற அளவுக்கு மாமாவுக்கு நடுக்கம். "ரத்தம் வேலை செய்யுது மாமா," என்றார் பிச்சைமுத்து.

இரண்டு மாதத்தில் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் குடித்தார், வெளுத்தது. அதன் பிறகு பதினைந்து வருஷம், டாக்டர் மறுத்ததைக் கேட்டு வாங்கிய கதையை டீக்கடைகளில் சொன்னார். தழும்பையும் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

போராட்டம் வீண் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒதுக்கீடு வந்தது. மாமாவின் மகள் செந்தமிழ்ச்செல்வி அதில்தான் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் பெற்று, சென்னையில் ஒரு ரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். 2002இல் மாமாவின் வயிறு வீங்கியபோது ஊருக்கு வந்து ரத்தம் எடுத்துப்போனவளும் அவள்தான்.

அவளுடைய கடிதம் வந்தபோது நான் ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. அத்தை என்னைப் படிக்கச் சொன்னார்.

"அப்பாவுக்கு, ரிசல்ட் வந்துவிட்டது. ஹெபடைடிஸ் சி. கல்லீரல் பாதி சுருங்கியிருக்கிறது. நீங்கள் ரத்தம் ஏற்றிக்கொண்ட காலத்தில் இந்தக் கிருமிக்குப் பரிசோதனையே கிடையாது. இப்போது ஒவ்வொரு பாட்டிலையும் சோதித்த பிறகுதான் வெளியே அனுப்புகிறோம். அதுதான் என் வேலை. வெள்ளிமலை முனியனையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி அனுப்புங்கள். திங்கட்கிழமை அம்மாவோடு இங்கே வாருங்கள். டாக்டர் சொல்வதை மட்டும் செய்வோம். பிச்சைமுத்து மாமாவை அழைத்து வர வேண்டாம்."