பிரேக் அங்கிளும் பதினாலு பேரும்

அவருடைய வலது கால் எப்போதும் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கும். சமையலறையில் உட்கார்ந்து மனைவி வெங்காயம் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கத்தி விரலுக்குக் கிட்டே வரும்போது முதலில் குதிகால் தரையில் ஊன்றும், பிறகு பெருவிரல் மெல்ல இறங்கும். ஆபத்து நீங்கியதும் பாதம் அரை அங்குலம் எழும்பி, அப்படியே அந்தரத்தில் காத்திருக்கும். கத்தி அடுத்த முறை நெருங்கினால் மறுபடியும் ஒரு அழுத்து. இருபத்தாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் வண்டியில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் ஒரு தனி பிரேக்கோடு உட்கார்ந்து வந்தவர். வாழ்க்கையில் அவர் வண்டி ஓட்டியதைவிட நிறுத்தியதுதான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கால் மைதானத்துக்கு வந்துவிடும். எதிரணிப் பிள்ளை பந்தோடு பாய்ந்து வந்தால், கோட்டுக்கு வெளியே நின்றபடி இவர் அழுத்துவார். பந்து நிற்காது. இருந்தாலும் அழுத்துவார். அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு ஷூ அகலத்துக்குப் புல்லே முளைப்பதில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் அங்கிள்.

அவருக்கு ஃபுட்பால் தெரியாது. அதை அவரே எல்லோரிடமும் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஏழு வயது மகள் ஃபுட்பால் ஆடியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஆறு பெற்றோர் சேர்ந்து, நகராட்சி மைதானத்தில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கி, ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். சம்பளம் யாருக்கும் கிடையாது. கார் இருக்கிறது, டிக்கி பெரியது என்ற ஒரே தகுதியில் இவரைப் பந்துகளுக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். மகள் இரண்டே வருஷத்தில் ஃபுட்பாலை விட்டு நீச்சலுக்குப் போனாள். அதையும் விட்டாள், படித்தாள், இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். அப்பா மட்டும் மைதானத்திலிருந்து திரும்பவே இல்லை. பந்துப் பொறுப்பாளர் கோச் ஆனார். கண்ணாடிக் கடையில் பார்வை அளவு எடுக்கும் அவர் மனைவி, ஜெர்சி துவைக்கும் இலாகாவைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கிளப்பில் ஒரு விநோதமான நடைமுறை இருந்தது. அதற்குப் பெயர் சக்கரம். ஆரம்ப காலத்தில் ஒருநாள், யார் மகன் முன்வரிசையில் ஆடுவது என்று இரண்டு அப்பாக்கள் கோட்டோரத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கிவிட்ட இவருக்குத் தெரிந்த ஒரே நியாயம் டிரைவிங் ஸ்கூல் நியாயம்தான். நான்கு பேர் வண்டியில் ஏறினால் ஆளுக்குப் பத்து நிமிஷம் ஸ்டியரிங்; கலெக்டர் ஆனாலும் சரி, கறிகாய்க்காரர் ஆனாலும் சரி. ஆகவே ஒரு அட்டையில் வட்டம் போட்டு, பதினான்கு இடம் பிரித்தார். இந்த வாரம் கோல்கீப்பராக நின்றவர் அடுத்த வாரம் பின்வரிசை பேக், அதற்கடுத்த வாரம் அதற்குப் பக்கத்து இடம், இப்படியே ஒரு சுற்று. பதினொரு பேர் உள்ளே, மூன்று பேர் வெளியே. வெளியே இருக்கும் மூவருக்கும் பதவி உண்டு. ஒருவர் கொடி பிடிப்பார், ஒருவர் இடைவேளைக்கு ஆரஞ்சு உரிப்பார், மூன்றாமவர் சும்மா உட்கார்ந்திருப்பார்.

"சும்மா இருக்கறதும் ஒரு எடம்தான். அதுவும் ஒழுங்கா செய்யணும்" என்பார்.

இந்தச் சக்கரத்தின் புண்ணியத்தில் கிளப் எந்தக் கோப்பையையும் வாங்கவில்லை. எட்டு அணிகள் ஆடும் லீகில் ஐந்தாவது இடத்துக்கு ஒருமுறை வந்தார்கள். அந்த வாரம் வீட்டில் பாயசம் வைக்கலாமா என்று அவர் கேட்டதாக மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு ஆள் குறைந்தது. ஆறு பெற்றோரில் நான்கு பேர், தங்கள் பிள்ளைகள் வளர்ந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருந்தது இவரும், முதலுதவிப் பெட்டியோடு வரும் பல் டாக்டரும், கூடவே ஜெர்சி துவைக்கும் இவர் மனைவியும். அந்த வருஷம் டாக்டருக்கும் வேறு ஊருக்கு மாற்றலாகும் வேளை வந்தது. இவருடைய முழங்கால் படியிறங்கும்போது தனியாகப் பேச ஆரம்பித்திருந்தது. புதிதாக யாராவது பொறுப்பேற்க வருவார்களா என்று ஆண்டுக் கூட்டம் போட்டார்கள். இருபது நாற்காலி போட்டார்கள். வந்தது நான்கு பேர். அதில் ஒரு அம்மா, மகனுடைய காணாமல்போன தண்ணீர் பாட்டிலைத் தேடி வந்தவர்.

"அப்ப இந்த சீசனோட முடிச்சுக்கலாமா?" என்றார் டாக்டர்.

"முடிச்சுக்கலாம்" என்றார் இவர். வலது கால் நாற்காலிக்கு அடியில் ஒரு முறை அழுந்தியது.

பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். மைதானத்தின் நடுவில் எல்லோரையும் உட்காரவைத்து, தொண்டையைச் செருமி, விஷயத்தை உடைத்தார். பதினாலு பேரும் பதினோரு பன்னிரண்டு வயது. ஹாரன் என்ற பையன் கையைத் தூக்கினான். வாயைத் திறந்தால் நான்கு தெருவுக்குக் கேட்கும் என்பதால் அந்தப் பெயர்.

"அங்கிள், அப்ப ஜெர்சிய நாங்களே வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கோங்கடா."

"ஹே!" என்று ஒரு கூச்சல். அவ்வளவுதான், துக்கம் முடிந்தது. ஒரு வார ஒத்திகை வீண்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்கு ஒன்று உறுத்தியது. கிளப் போகட்டும், இந்தப் பதினாலு பேரும் எங்கே ஆடுவார்கள்? நன்றாக ஆடுகிற ஐந்தாறு பேரை எவரும் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். மீதிப் பேர்?

"ஒருத்தர் விடாம எங்கயாவது சேத்துட்டுத்தான் மைதானத்துச் சாவியக் குடுப்பேன்" என்றார் மனைவியிடம்.

"பொண்ணு கல்யாணத்துக்குக்கூட இப்படி அலைய மாட்டீங்க போல" என்றார் மனைவி. ஆனால் பதினாலு விண்ணப்பத்தையும் அவர்தான் பிரிண்ட் எடுத்துவந்தார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய அகாடமி இருந்தது. வேலி, விளக்கு, வரவேற்பறை எல்லாம் உண்டு. அங்கே இந்த வயதுக்குப் புதிதாக இரண்டாவது அணி ஒன்று சேர்ப்பதாகக் கேள்விப்பட்டு இவர் போய் நின்றார். அங்கிருந்த இளம் கோச் மரியாதைக்காரர், ஆனால் கையிலிருந்த டேப்லெட்டை விட்டுக் கண்ணை எடுக்காதவர். பிள்ளைகள் நிரப்பிய விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அங்கிள், 'ஆடும் இடம்'னு ஒரு கட்டம் இருக்கே. இந்தப் பையன் என்ன எழுதியிருக்கான் பாருங்க. 'போன வாரம் ஃபார்வர்ட், வர்ற வாரம் ஆரஞ்சு'."

"அது ஹாரன். சரியாத்தான் எழுதியிருக்கான்."

"ஆரஞ்சுன்னா என்ன பொசிஷன்?"

"உரிக்கிறது, தம்பி."

கோச் அடுத்த தாளை எடுத்தார். அது ஸ்டெப்னியுடையது. மாற்று டயர் மாதிரி, எந்த இடத்தில் போட்டாலும் சிரித்துக்கொண்டே போய் நிற்கும் சின்னப் பையன். 'எது காலியோ அது' என்று எழுதியிருந்தான்.

"அங்கிள், கிண்டல் பண்றாங்களா? எனக்கு இதுல ஒண்ணைத்தான் செலக்ட் பண்ண முடியும். ரெண்டாவதைத் தொட்டா மொதல்ல தொட்டது அழிஞ்சுடும்."

"அப்ப அத மூடி வெச்சுட்டு, ஆட்டத்தப் பாருங்களேன்" என்றார் இவர். சொன்ன பிறகு, தானா இப்படிப் பேசினோம் என்று அவருக்கே ஆச்சரியம்.

கோச் டேப்லெட்டைக் கீழே இறக்கினார். "சரி. வர்ற ஞாயிறு எங்க டீமோட ஒரு மேட்ச் ஆடட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

அந்த ஞாயிறு சக்கரத்தின்படி கோல்கீப்பர் சைலன்சர். ஐந்து வருஷமாக வருகிற பெண். ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் பிரேக் அங்கிள் வைத்த பெயர். சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிட்டால் உயரமான இரட்டையரில் ஒருவன் கோலுக்கு வருவான் என்று மனைவி காதோடு சொன்னார். இவர் தலையாட்டவில்லை. பதினெட்டு வருஷமாகத் தள்ளாத சக்கரம்.

ஆட்டம் 4–2. தோல்விதான். ஆனால் அகாடமிப் பிள்ளைகள் திணறிப்போனார்கள். ஒருவரை அடக்கினால் இன்னொருவர் அதே இடத்தில் முளைத்தார். எவரை எங்கே நகர்த்தினாலும் அந்த இடத்து வேலை அவருக்குத் தெரிந்திருந்தது. டேப்லெட் கோச் அரைமணி நேரமாகத் திரையைத் தொடவே இல்லை.

புதன்கிழமை பட்டியல் வந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த வங்கி அதிகாரியைக் காக்கவைத்துவிட்டு, போனில் படித்தார். ஹாரன், ஸ்டெப்னி, இரட்டையர் என்று எல்லோரும் இருந்தார்கள். எண்ணினார். பதிமூன்று. மறுபடி எண்ணினார். சைலன்சர் இல்லை.

"சார், போலாமா?" என்றார் வங்கி அதிகாரி.

இவருக்குக் காதில் விழவில்லை. நான்கு கோல். அந்த நான்கையும் தன் அட்டைச் சக்கரம்தான் அந்தப் பெண் தலையில் கட்டியது. ஒரு பல், ஒரே ஒரு பல் தள்ளியிருந்தால்?

மாலையில் அகாடமிக்குப் போனார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "தம்பி, அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அன்னைக்கு அவளுக்கு அந்த எடம் வந்தது என்னால. நீங்க வேணும்னா இன்னொரு தரம் வேற எடத்துல நிக்க வெச்சுப் பாருங்க. நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சிபாரிசுக்குப் போனதில்ல..."

கோச் கையைக் காட்டி நிறுத்தினார். "அங்கிள், மூச்சு விடுங்க. அந்தப் பொண்ணு ஃபாரமே குடுக்கலியே. உங்க கட்டுல பதிமூணுதான் இருந்துது. நானே கேக்கணும்னு இருந்தேன். நாலு போச்சு, சரி. ஒம்போது புடிச்சா, அத யாரு புடிப்பா?"

அங்கிருந்து நேராக சைலன்சர் வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு கருத்துச் சொன்னது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அம்மா கதவைத் திறந்து, "வாங்க சார், உக்காருங்க" என்று மின்விசிறியை வேகப்படுத்தினார். துணி மடித்துக்கொண்டிருந்த சைலன்சர் எழுந்து நின்றாள்.

"ஏம்மா ஃபாரம் குடுக்கல? மறந்துட்டியா?"

"இல்ல அங்கிள்."

"பயமா? அந்தக் கோச் நல்ல மனுஷன்தான்மா."

"இல்ல அங்கிள்."

அம்மா மகளின் தோளைத் தட்டினார். "சொல்லேண்டி. சார் என்ன கடிச்சா சாப்பிடப்போறாரு?"

சைலன்சர் கையிலிருந்த தலையணை உறையை இன்னொரு முறை மடித்தாள். பிறகு ஐந்து வருஷத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசினாள்.

"எனக்கு ஃபுட்பால் பிடிக்காது அங்கிள்."

"இப்பவா?"

"எப்பவுமே."

அவருடைய கால் அழுத்தியது. எதுவும் நிற்கவில்லை.

"அப்ப அஞ்சு வருஷமா ஏம்மா வந்தே?"

"மொத தடவை சும்மாதான் வந்தேன். அப்புறம் நீங்க சக்கரத்துல பேரு எழுதிட்டீங்க. பதினாலுல ஒருத்தர் இல்லேன்னாலும் சுத்தாதுன்னு சொன்னீங்க. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வேற வந்து கீழ நின்னு ஹாரன் அடிப்பீங்க. இப்ப கிளப்தான் முடியுதே. இனிமே நான் ஞாயித்துக்கிழமை தூங்கலாம்ல?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிரேக் அங்கிளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சைலன்சரும் சிரித்தாள். அவள் சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"தூங்கும்மா. எட்டு மணி வரைக்கும் தூங்கு."

"பத்து, அங்கிள்."

"பத்து."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. இடுப்பில் கைவைத்து நின்றார். "பாவம் அந்தப் பொண்ணு. அஞ்சு வருஷம்! ஒரு நாளாவது கேட்டிருப்பீங்களா, உனக்குப் பிடிக்குதான்னு?"

"நீயும்தான் கேக்கல."

"நான் ஜெர்சி துவைக்கிற ஆளு. என்னை ஏன் இழுக்கறீங்க?" என்றவர், "உங்களுக்காவது பிடிக்குதா?" என்றார்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஃபுட்பாலா? அது எனக்கு இன்னும் சரியாப் புரியவே இல்லம்மா. புள்ளைங்கள ரொம்பப் பிடிக்கும்."

மறுநாள் நகராட்சி அலுவலகத்தில் மைதானத்துச் சாவியைக் கொடுத்தார். குமாஸ்தா கையெழுத்து வாங்கிக்கொண்டு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று சும்மா கேட்டுவைத்தார். "பதிமூணு பேருக்கு எடம் கெடச்சுது. ஒருத்திக்குத் தூக்கம் கெடச்சுது" என்றார் இவர். குமாஸ்தா மேலே கேட்கவில்லை. வாசலில் இறங்கும்போது முழங்கால்கூட வாயை மூடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து லீக் அலுவலகத்திலிருந்து ஒரு கவர் வந்தது. பதிவேட்டிலிருந்து ஒரு கிளப்பை எடுக்கும்போது, அதன் கடைசி சீசன் விவரத்தை அனுப்பிவைப்பது அவர்கள் வழக்கமாம். கோல் போட்டவர் பெயரை எழுதும் பழக்கம் இவர் கிளப்பில் என்றைக்கும் இருந்ததில்லை. அவருடைய நோட்டில் 'நாம்', 'அவங்க' என்று இரண்டே பத்தி. ரெஃப்ரீக்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். அந்த சீசனில் கிளப் அடித்த கோல்கள் இருபத்தாறு. ஹாரன் நான்கு, இரட்டையர் ஆளுக்கு இரண்டு, ஸ்டெப்னி ஒன்று, இன்னும் ஆறு பேர் ஆளுக்கு ஒன்று. மிச்சம் பதினொன்றும் சைலன்சர் அடித்தவை.