கொதிகலனுக்குப் பின்னால் எடுத்த மண்

யோங் பெங் என்ற ஊரில் மரவள்ளி மாவிலிருந்து இனிப்புப் பாகு காய்ச்சும் ஒரு தொழிற்சாலை. அதன் ஆய்வுக்கூடத்தில் கஸ்தூரிக்குப் பத்தொன்பது வருஷச் சர்வீஸ். முதல் ஒன்பது வருஷம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினார். பிறகு வாரக் கடைசி வகுப்புகளுக்குப் போய் டிப்ளோமா முடித்து டெக்னீஷியன் ஆனார்.

பாகு காய்ச்ச, முதலில் மாவுக்கூழைத் தொண்ணூறு டிகிரி சூட்டில் இளக வைக்க வேண்டும். அதைச் செய்யும் நொதி வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. ஒரு முறை கப்பல் தாமதமாகி ஆலை ஐந்து நாள் நின்றது. அதன் பிறகுதான், அந்த நொதியைச் சுரக்கும் பாக்டீரியா உள்ளூர் மண்ணில் கிடைக்குமா என்று தேடச் சொன்னார் ஆய்வுக்கூடத் தலைவர் அமலதாஸ்.

பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்திலிருந்தும் ஆயர் ஈத்தாம் களிமண் குழியிலிருந்தும் மண் வந்தது. மாவைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் குறைவில்லை. ஆனால் எழுபது டிகிரியைத் தாண்டினால் எந்த நொதியும் வேலை செய்யவில்லை.

கொதிகலனுக்குப் பின்னால், கூழ்க்கழிவு ஆவி பறக்க ஓடும் வாய்க்கால் ஒன்று உண்டு. அதன் கரையில் புல்கூட முளைக்காது. அந்த மண்ணை எடுத்துப் பார்க்கட்டுமா என்று கஸ்தூரி கேட்டார்.

"அந்தச் சூட்டுல என்ன லா உயிரோட இருக்கும்?" என்றார் அமலதாஸ்.

"இருந்துச்சுன்னா, நமக்கு வேண்டியது அதுதான் பாஸ்."

கஸ்தூரி ஒரு கரண்டி மண்ணைத் தண்ணீரில் கரைத்து, எண்பது டிகிரியில் பத்து நிமிஷம் வைத்தார். அதில் தப்பியவற்றை மாவு கலந்த தட்டுகளில் பரப்பி, சூடான பெட்டிக்குள் வளர்த்தார். முதல் தட்டுகள் காய்ந்து வெடித்தன. பெட்டிக்குள் ஈரம் காக்க ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து மறுபடி தொடங்கினார். இரண்டு நாள் கழித்து, மாவில் பட்டால் நீலமாகும் அயோடினை ஊற்றியதும் தட்டு முழுக்கக் கருநீலமானது. ஒரே ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் பத்து சென் காசளவுக்கு வெள்ளை வளையம். அங்கிருந்த மாவு முழுவதும் கரைந்திருந்தது.

ஆனால் அந்த நொதியும் தொண்ணூறு டிகிரியில் பத்து நிமிஷமே தாங்கியது. இதோடு விட்டுவிடலாம் என்றார் அமலதாஸ். கஸ்தூரி மறுபடி வாய்க்காலுக்குப் போனார். அங்கே அர்ச்சுனன் என்ற தொழிலாளி சுண்ணாம்பு கொட்டிக்கொண்டிருந்தார். கழிவின் புளிப்பு போக தினமும் கொட்டுவதாகச் சொன்னார். சுண்ணாம்பில் இருப்பது கால்சியம். அதிலேயே வாழ்ந்து பழகிய பாக்டீரியாவின் நொதிக்கும் அது தேவைப்படுமோ என்று கஸ்தூரிக்குத் தோன்றியது. அன்றே நொதியில் சிட்டிகை கால்சியம் உப்பைச் சேர்த்தார். இம்முறை நொதி ஒரு மணி நேரம் தாங்கியது.

சோதனை நாளன்று நிர்வாகிகள் வந்து நின்றார்கள். இருபது லிட்டர் பானையில் தொண்ணூறு டிகிரி சூட்டில் கெட்டியான கூழ். கலக்கும் மோட்டார் முக்கி முனகியது. கஸ்தூரி தன் நொதியை ஊற்றினார். பன்னிரண்டாவது நிமிஷத்தில் மோட்டார் சத்தம் லேசாகிவிட்டது. கரண்டியில் அள்ளினால் கூழ் தண்ணீராக ஓடியது. அயோடின் விட்டும் நீலம் வரவில்லை.

"இது கஸ்தூரி கண்டுபிடிச்சது. நான் நிறுத்தச் சொன்னேன், அவங்க நிறுத்தல," என்று அமலதாஸ் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

ஐந்து மாதத்தில் அந்த நொதி ஆலையில் பாகு காய்ச்சும் பெரிய தொட்டிக்குப் போனது. காப்புரிமை விண்ணப்பத்தில், கண்டுபிடித்தவர் என்ற கட்டத்துக்குள் கஸ்தூரி தன் பெயரைப் பெரிய எழுத்தில், பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினார்.