விஜியின் இருட்டு விதி

ஜோகுபாளையத்து எலக்ட்ரீஷியன் அய்யாவுவின் மகள் விஜி, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 1999இல் அங்கே இன்ஜினியராக இருந்த கேசவ், அமெரிக்காவிலிருந்து ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்களாக நடமாடுவார்கள். ஜெயிப்பதையும் சாவதையும் பகடை தீர்மானிக்கும். ஞாயிறு மதியங்களில் மல்லேஸ்வரத்தில் கேசவ் வீட்டில் ஆட்டம் நடக்கும். அவன் தங்கை ஸ்ரீலக்ஷ்மியும் சேர்ந்துகொள்வாள். கதை சொல்வது விஜி.

விளையாட்டோடு வந்த விதிப் புத்தகத்தில் இருட்டைப் பற்றிய விதிகள் பொய்யாக இருக்கின்றன என்று விஜிக்கு எரிச்சல். நிஜத்தில் இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று தானே ஒன்று எழுதினாள்: தீப்பந்த வெளிச்சத்தைத் தாண்டினால் மனிதனுக்கு ஒன்றும் தெரியாது, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும்.

"இது அநியாயம்" என்றான் கேசவ். "கொஞ்ச நேரம் போனா கண்ணு பழகிடும். நட்சத்திர வெளிச்சத்துல பாதை தெரியுமே."

"சும்மா ஓட்டாத கேசவ். இருட்டுல யாருக்குத் தெரியும்?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மூவரும் மாடியிலிருந்த ஜன்னலில்லாத சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதவிடுக்கில் மெல்லிய வெளிச்சக் கோடு மட்டும். முதலில் மூவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஸ்ரீலக்ஷ்மி, "இப்போ டிரங்குப் பெட்டி தெரியறது" என்றாள். "மேல குடை தொங்கறது பார்" என்றான் கேசவ்.

விஜிக்கு அந்தக் கோட்டைத் தவிர எல்லாம் கறுப்பு. இருவரும் பேசிவைத்துக்கொண்டு ஏமாற்றுகிறார்கள் என்று எழுந்து ஓரடி வைத்தாள். ஒரு கை நேராக வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஸ்டூல் இருக்கு விஜி, பாத்து" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

துழாவாமல், தயங்காமல் வந்த கை. அந்தக் கை தன்னைப் பார்த்தே வந்திருக்கிறது என்று விஜிக்கு உறைத்தது. இருட்டானால் எல்லாரும் எல்லாருக்கும் மறைந்துவிடுகிறார்கள் என்றே இருபத்தைந்து வயதுவரை நம்பியிருந்தாள். அப்படியில்லை. அவள் முழிப்பதையும் கை நீட்டித் தடவுவதையும் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

"கதவத் தெற" என்றாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தினமும் போகிற சாலைதான். ஆனால் இப்போது, விளக்குக் கம்பங்களுக்கு நடுவே இருக்கும் கறுப்பில் யார் நடக்கிறார்கள், எந்தக் குழந்தை குறுக்கே வருகிறது என்று தனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை என்பது புரிந்தது. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவை வரச்சொன்னாள்.

அய்யாவு ஆட்டோவில் வந்து இறங்கினார். "வண்டி கெட்டுப்போச்சாம்மா?"

"இல்லப்பா. எனக்கு இருட்டுல கண்ணு தெரில. எப்பவுமே தெரிஞ்சதில்ல போல."

அவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

கண் மருத்துவர் நெடுநேரம் சோதித்தார். சத்துக் குறைவால் வருகிற மாலைக்கண் இல்லை, விழித்திரையில் பிறவியிலேயே உள்ள கோளாறு என்றார். பார்வை ஓரங்களிலிருந்து மெல்லச் சுருங்கலாம், எப்போது, எவ்வளவு என்று சொல்ல முடியாது, மருந்தும் இல்லை. அம்மா எல்லம்மா, கேரட் வாங்கிக் கொடுக்காமல் விட்டுவிட்டேனே என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதாள்.

அதன்பின் விஜி காலையில் கண் விழித்ததும் அசையாமல் படுத்துக்கொண்டு, அறையின் இரு ஓரங்களும் நேற்று இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பாள். வண்டியை விற்றுவிட்டு கம்பெனி பஸ்ஸுக்கு மாறினாள். இரவு ஷிப்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து மல்லேஸ்வரத்துக்குப் போனபோது, ஆட வரவில்லை, கேட்க வந்திருக்கிறேன் என்றாள்.

"இருட்டு பழகினப்புறம் கலர் தெரியுமா?"

ஸ்ரீலக்ஷ்மி யோசித்தாள். "தெரியாது. எல்லாம் சாம்பலாத்தான் இருக்கும். நேரா பாத்தா மறைஞ்சிடும். கொஞ்சம் தள்ளிப் பாத்தா தெரியும்."

"திடீர்னு லைட் போட்டா?"

"அவ்வளவுதான். மறுபடி முதல்லேர்ந்து பழகணும்."

விஜி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை விவரிப்பதைக் கேட்பதுபோல் இருந்தது. அவள் திருத்தி எழுதிய விதியைத்தான் அவர்கள் பிறகு பல வருஷம் ஆடினார்கள்.

2006இல் அவள் பார்வையின் ஓரங்கள் நிஜமாகவே சுருங்கத் தொடங்கின. கதை சொல்வதை அவள் விடவில்லை. பகடை மேஜை விளிம்புக்கு உருண்டால் மட்டும், என்ன விழுந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.