பலகை மறைத்த துவாரம்

ஜெறோமுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். எதையாவது பிடித்துத் துடைப்பார். மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள அந்தக் கற்கோயிலைப் பதினாறு வருடமாகக் கூட்டித் துடைத்துப் பார்த்து வருகிறவர் அவர். அங்கே பித்தளைச் சாமான்கள் அப்படி மின்னுவதற்கு அரைவாசிக் காரணம் பக்தி. மற்ற அரைவாசி நிர்வாகக் குழு.

மட்டக்களப்பிலிருந்து தொண்ணூற்றொன்றில் அகதியாக வந்து, டவுன்டவுன் உணவகங்களில் பதினேழு வருடம் கோப்பை கழுவி, முதுகு போன பிறகு கிடைத்த வேலை இது. முதல் மாரியிலேயே அந்தக் கட்டடத்தின் சரித்திரம் அவருக்கு முதுகு வழியாகப் புரிந்துவிட்டது. நூற்று முப்பது வருடத்துக்கு முன், காசு பெருத்த வியாபாரி ஒருவர் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றிலிருந்த எழுநூறு வருடப் பழைய கோயிலின் வரைபடத்தைக் கொண்டுவந்து, அச்சொட்டாக அப்படியே கட்டச் சொல்லியிருக்கிறார். கட்டியவர்களும் ஏன் எதற்கென்று கேட்காமல் கட்டிவிட்டார்கள். தெற்கு வாசலுக்கு மேலே செங்குத்தான கூரை. அந்தக் கிராமத்தில் அதில் மழை வழிந்தோடியிருக்கும். மொன்றியலில் மாரி முழுக்கப் பனி சறுக்கி நேரே வாசற்படியில் விழுகிறது. அதை வழித்துத் தள்ளுவது யார், வரைபடம் கீறின துரையா? ஜெறோம்தான்.

அந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் அவர் திட்டியதில்லை. பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் சாய்வாகக் குடைந்த ஒரு துவாரம் இருந்தது. இரண்டு கை அகலம்கூட வராது. வடக்கே உள்ள சிற்றாலயத்தில் இருப்பவர்களுக்கு அந்தத் தடித்த சுவர் பீடத்தை மறைத்துவிடும். போதகர் அப்பத்தை உயர்த்தும் நேரத்தை அவர்களும் காணட்டும் என்று அந்தக் காலத்துக் கொத்தன் ஒருவன் யோசித்துக் குடைந்தது அது. மொன்றியல்காரர் யோசிக்காமலே அதையும் பார்த்துக் கட்டினார்கள். பிறகு நூற்றுச் சொச்சம் வருடம் அது ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஜெறோமின் மனைவி ஜொய்சிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கக் கையும் காலும் வழங்காமல் போனது. சக்கர நாற்காலி வடக்குக் கதவால் மட்டும்தான் உள்ளே வரும். வந்தால் சிற்றாலயம், அங்கிருந்து நடு மண்டபத்துக்குப் போக இரண்டு கற்படி. படிமேல் ஒரு சரிவு போட்டுத் தாருங்கள் என்று ஜெறோம் குழுவுக்கு மூன்று தடவை எழுதிக் கேட்டார். மரபுக் கட்டடம், தொடக்கூடாது என்று மூன்று தடவையும் பதில் வந்தது. தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் ஜொய்சி விட்டால்தானே?

"நான் என்ன அரிசி மூட்டையா?" என்றார் ஜொய்சி.

ஆகவே ஞாயிறுதோறும் அவருடைய நாற்காலி துவாரத்துக்கு நேரே நின்றது. அதற்குள்ளால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளைத் துணி, இரண்டு கை, உயர்த்திய அப்பம். அது காணும், போதும் என்பார்.

இந்த வருடம் குழுவுக்குத் திடீரென்று சரித்திர ஞானம் பிறந்தது. கட்டடக்கலை படித்த தனுஷிகாவை வேலைக்கு எடுத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கேயே ரொக்ஸ்பரோவில் பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி. வாரநாள்களில் வந்து இரண்டு மாதம் அளந்தாள், படம் எடுத்தாள், எழுதினாள். ஒரு வெள்ளிக்கிழமை பெரிய விளக்கப் பலகை ஒன்றோடு வந்து நின்றாள்.

"அங்கிள், இதை அந்தத் துவாரத்துக்கு மேல ஆணி போட்டுப் பூட்டவேணும்."

"பூட்டினா ஓட்டை மூடுபட்டிருமே, புள்ள?"

"ஓம். ஆனா அதின்ர படம் பலகையில இருக்கு. நல்ல வெளிச்சம் போட்டு எடுத்தது, நேரில பாக்கிறதைவிட வடிவாத் தெரியும்."

"அதுக்குள்ளாலதான் என்ட மனுசி திருவிருந்தப் பாக்கிறவ."

தனுஷிகா தடுமாறினாள். "இடம் குழு தெரிவுசெய்தது, அங்கிள். நீங்கள் அவையிட்டக் கதையுங்கோ."

கதைத்தார். ஒலிபெருக்கி இருக்கிறதே, கேட்கும்தானே என்றார் குழுத் தலைவர். கிழவி ஒருத்தி உள்ளே வரப் படியைத் தொட்டால் மரபு கெட்டுப்போகும். பலகை மாட்டச் சுவரில் நாலு துளை போட்டால் மரபு வளருமாம்! நான் பூட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஜெறோம் போய், துடைத்த மெழுகுதிரித் தண்டுகளையே திரும்பத் துடைத்தார். சனிக்கிழமை யாரோ ஒருவன் கூலிக்கு வந்து பூட்டிவிட்டுப் போனான்.

ஞாயிறு காலை பலகையைச் சுற்றிக் கூட்டம். தனுஷிகாவும் அன்று வந்திருந்தாள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அழகாக எழுதியிருந்தது: பீடத்தை அணுக முடியாதவர்கள் முற்காலத்தில் இதன் வழியாகப் பார்த்தார்கள். எல்லோரும் வாசித்துத் தலையாட்டிவிட்டு, பீடத்தை அணுக முடியாமல் அதற்கு முன்னே நாற்காலியில் இருந்தவரைச் சுற்றிக்கொண்டு தங்கள் இடத்துக்குப் போனார்கள்.

ஆராதனை தொடங்கியது. திருவிருந்து நேரம் மண்டபம் அமைதியானது. ஜொய்சி பலகையைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்:

"தூக்கிட்டாரா?"

மூன்று வருடத்தில் ஒருநாளும் அவர் இப்படிக் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்த ஜெறோம் எழுந்து சாமான் அறைக்குப் போய், பற்றரியில் ஓடும் திருகாணி மெஷினோடு வந்தார். முதல் ஆணி கழன்ற சத்தம் கூரை வரைக்கும் போய்த் திரும்பியது. அப்பத்தைக் கையிலெடுத்த போதகர் அப்படியே நின்றார். இரண்டாவது, மூன்றாவது. நாலாவது ஆணியும் கழன்றதும் ஜெறோம் பலகையைத் தூக்கிச் சுவரோடு சாத்தினார்.

தனுஷிகா ஓடிவந்து துவாரத்தை மறித்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"அங்கிள், என்ன செய்யிறியள்? எல்லாரும் பாக்கினம்!"

"எல்லாரும்தான் பாக்கிறாங்க. இவ மட்டும் பாக்கக் கூடாதா?" ஜெறோம் மெஷினைக் கீழே வைத்தார். "ரெண்டு மாசம் அளந்தாயே புள்ள, ஒருநாளாவது குனிஞ்சு இதுக்குள்ளால பாத்தியா?"

அவள் திரும்பி, மெல்லக் குனிந்து, துவாரத்தில் முகம் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

பின்னாலிருந்து ஜொய்சி வழங்குகிற கையை நீட்டி அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கொஞ்சம் தள்ளு புள்ள, எனக்கு மறைக்குது."