எலுமிச்சம்பழம் வெட்டிய மெசின்

எங்கள் வீட்டில் வாங்கிய புல் வெட்டும் இயந்திரம் தன் ஆயுளில் வெட்டியது ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தைத்தான். அதையும் முழுதாக வெட்டவில்லை. ஆனாலும் எங்கள் குடும்பத்துக்கு அதைப்போல் வெற்றி தேடித் தந்த இயந்திரம் வேறொன்று கிடையாது. நேற்று என் மகள் கைப்பேசியில் நான்கு இயந்திரங்களின் படங்களை அனுப்பி, "அப்பா, இதுல எதை வாங்கறது?" என்று கேட்டிருந்தாள். இந்த விஷயத்தில் நான் நிபுணன் என்பது அவள் நம்பிக்கை. அப்படி நம்பும்படி அவளிடம் சொல்லி வைத்திருப்பவன் நான்தான்.

அப்பாவுக்கு பம்ப்செட் கம்பெனியில் வேலை. வெள்ளகோவில் பக்கமிருந்து கோயமுத்தூருக்கு வாடகை வீட்டில் குடிவந்தபோது அம்மாவின் மயிலைப் பசுவைக் கூட்டிவர முடியவில்லை. அது மாமனின் கொறங்காட்டில் நின்றுவிட்டது. கொறங்காடு என்றால் கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல் விதைத்து, ஆடுமாடுகளை அவிழ்த்து விடுகிற மேய்ச்சல் நிலம். அப்பாவும் அம்மாவும் அப்படிப்பட்ட காடுகளில் மாடு மேய்த்து வளர்ந்தவர்கள். "சொந்த ஊடு கட்டுனதும் ஓட்டியாந்துக்கலாம் அம்மணி" என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் வீடு கட்டும்போது அம்மா சமையலறையின் அளவைக்கூடக் கேட்கவில்லை. முன்பக்கம் காலியிடம் எவ்வளவு விடுகிறார்கள் என்பதில்தான் கண்ணாயிருந்தாள்.

வீடு முடிந்தது. காலியிடமும் இருந்தது. கூடவே பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். எங்கள் மனைப்பிரிவுச் சங்கத்தின் தலைவர். தெருவில் எல்லா வீட்டு முன்புறமும் ஒரே மாதிரி லான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. நாய் வளர்க்கலாம், மாடு கூடாது. மாடு நின்றால் அது தெருவாம், லான் இருந்தால் அவென்யூவாம். எல்லா வீட்டுக்கும் தண்ணீர் சங்கத்தின் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வந்தது. தலைவரைப் பகைத்துக்கொண்ட வீட்டுக் குழாயில் காற்று மட்டும் வரும் என்று ஒரு பேச்சு. ஆகவே அப்பா மாட்டைப் பற்றி வாயைத் திறக்காமல், முன்பக்கத்தைக் கொத்திச் சமப்படுத்தி, ஆடி மாதத் தூறலில் மெல்லிய அழகுப் புல்லை நட்டார். இரண்டு நாள் அம்மா வைத்த குழம்பில் உப்பு இல்லை, அவ்வளவுதான்.

நான் லான் கட்சி. தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக் கெட்டுப்போயிருந்த காலம். வீட்டு வாசலிலேயே சர்வதேச மைதானம் வரப்போகும்போது அங்கே ஒரு மாடு எதற்கு? இதை அம்மாவிடமே சொன்னேன். "செரி கண்ணு" என்றாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு, நட்ட புல்லின்மேல் எதையோ தூவிக்கொண்டிருந்தாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. தூவியதில் பாதி பறந்து கிழக்கே, தலைவர் வீட்டுப் பக்கம் போயிற்று.

"என்னம்மா அது?"

"எறும்புக்கு நொய் போடறேன் சாமி. புண்ணியம்."

நொய் காற்றில் பஞ்சுபோலப் பறக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். வகுப்பில் நான் அறிவியலில் முதல் மாணவன்.

ஐப்பசி மழை அடித்து ஓய்ந்தபோது மைதானத்தில் நான் எதிர்பாராத வளர்ச்சி. அழகுப் புல்லைக் காணோம். அதை அமுக்கிக்கொண்டு குத்துக் குத்தாக வேறொரு புல் தூர் கட்டி நின்றது. ஒருநாள் காலை அப்பா காபித் தம்ளரோடு இறங்கி, குனிந்து, ஒரு தண்டைக் கிள்ளி வாயில் வைத்து மென்றார்.

"என்ன புல்லுங்கப்பா?"

"நல்ல புல்லு" என்றார். மென்றுகொண்டே உள்ளே போய்விட்டார்.

கார்த்திகையில் அது என் முழங்காலுக்கு வந்து, அணில்வால் மாதிரி கதிர் விட்டது. தலைவர் படியேறி அப்பாவிடம் வந்தார்.

"தம்பி, இது லானா, காடா? நாளைக்கு இதுக்குள்ள பாம்பு வரும்."

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா பேசினாள். "ஏனுங்க, ஒரு மாட்டைக் கட்டுனா ஒரே பொழுதுல மொட்டையடிச்சுப்போடுமுங்க."

"மாடா? அம்மணி, இதென்ன கண்ணபுரத்து மாட்டுச் சந்தையா? உலகம் எங்கயோ போயிருச்சு. இதுக்குன்னு மெசினு இருக்குது!"

அப்பா அம்மாவையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சார், நீங்க படிச்சவங்க. நீங்களே நடுவுல நின்னு சொல்லுங்க. நான் மெசினு வாங்கியாறேன். அது இந்தப் புல்லை அறுத்துப்போட்டா, இந்த ஊட்ல மாடுங்கற பேச்சே கெடையாது. அறுக்கலீன்னா அவ மாட்டை ஓட்டியாரட்டும். அப்பறம் சங்கம் ஒண்ணும் சொல்லக்கூடாது. செரிங்களா?"

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "மெசினு தோக்கறதாவது! செரி தம்பி. வாக்கு."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மாவின் மயிலை இனி வரவே வராது என்பது அப்போதே முடிந்துபோன விஷயம். தெருப் பையன்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு தள்ளு தருவதாக அறிவித்து, என்னை நானே மெசின் கேப்டனாக நியமித்துக்கொண்டேன்.

மறுநாள் அப்பாவும் நானும் டவுனுக்குப் போனோம். உக்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் கடை. மோட்டார் சாமான்களுக்கு நடுவில் இரண்டு புல் வெட்டும் மெசின்கள் நின்றன. ஒன்று பெட்ரோலில் ஓடுவது. சிவப்பாக, சிங்கம் மாதிரி இருந்தது. மற்றொன்று கையால் தள்ளுவது. உருளையில் கத்திகளை முறுக்கி வைத்து, பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். நான் சிங்கத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவும் பாயும் கொஞ்ச நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முடிவில் ஆட்டோவில் ஏறியது தள்ளுவண்டி. வழியெல்லாம் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தேன். "பெட்ரோலு வாசம் உங்கம்மாளுக்கு ஆகாது கண்ணு" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. மதில்மேல் பையன்கள். நடுவர் நாற்காலியில் தலைவர். அந்த நேரம் பார்த்து ஒரு டெம்போ வந்து நின்றது. முன்னால் மாமன், பின்னால் மயிலை, நிறைசினையாக.

"மதுக்கரையில ஒரு சோலிங்க மச்சான். அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் மாமன்.

மதுக்கரையில் சிமெண்டு செய்கிறார்கள். அங்கே சினைமாட்டுக்கு என்ன சோலி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு மெசினுக்கு விபூதி பூசுகிற வேலை இருந்தது. பட்டை போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டினோம். சக்கரத்துக்கடியில் வைக்க வேண்டிய எலுமிச்சம்பழத்தை நான் பக்திப் பெருக்கில் கத்திக்கு நேராக வைத்துவிட்டேன். அப்பா தள்ளினார். 'சர்ரக்' என்றது. பழம் பாதி அறுபட்டு, மீதி கத்திகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. திருப்புளியால் அதைத் தோண்டியெடுக்கிறவரை கூட்டம் பொறுமை காத்தது.

"கேப்டன், ஜூஸ் போடற மெசினாடா?" என்று மதில்மேலிருந்து ஒருத்தன் கேட்டான்.

பிறகு அப்பா மெசினைப் புல்லுக்குள் விட்டார். முதல் குத்திலேயே உருளை நின்றது. கைப்பிடி அவர் வயிற்றில் இடித்தது. பின்னால் போய், ஓடிவந்து தள்ளினார். மறுபடியும் வயிறு.

"தம்பி, சாய்ச்சுப் புடிக்கணும். விடுங்க இப்படி" என்று தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சாய்த்துப் பிடித்தார். மெசின் நின்ற இடத்தில் நின்றது, அவர் மட்டும் முன்னால் போனார். புல்லுக்குள் உட்கார்ந்த நிலையில் அவரைத் தூக்கி நிறுத்தியபோது வேட்டி முழுக்கக் கதிர்.

கடைசி நம்பிக்கை நான். மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். வண்டி ஏறியது! புல் படுத்தது! பையன்கள் கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். படுத்த புல் ஒவ்வொன்றாக, பெரியவர்களை விழுந்து கும்பிட்டு எழுவதுபோல, எழுந்துகொண்டிருந்தது.

தலைவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாக்கு மாறாத மனிதர். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "செரி. வாக்குன்னா வாக்கு. மாட்டை எறக்குங்க" என்றார்.

மயிலை பலகை வழியாக இறங்கியது. ஒருமுறை முகர்ந்தது. வெகுநாள் கழித்துச் சொந்தக்காரர் வீட்டு விருந்துக்கு வந்து, இலையில் ஊர்ப் பலகாரத்தைக் கண்டவர்போல அப்படியே தலையைக் கவிழ்த்தது. 'சரட், சரட்' என்று அது புல்லை அறுக்கும் ஓசையைத் தவிர வேறு சத்தமில்லை. குத்து குத்தாக முடித்துக்கொண்டு முன்னேறியது. பெட்ரோல் கேட்கவில்லை, எலுமிச்சம்பழம் கேட்கவில்லை. போகிற போக்கில் உரமும் போட்டது. பொழுது சாயும்போது பாதி மைதானம் சீராகியிருந்தது. மதில்மேலிருந்த என் படையினர் கட்சி மாறி மாட்டுக்கு விசிலடித்தார்கள். அம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வாடி என்ற ராசாத்தி" என்று சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் கோயமுத்தூரில் பார்த்ததில்லை. தோற்றுப்போன அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு சீட்டியடித்தார். வயிற்றில் அத்தனை இடி வாங்கியவருக்கு அவ்வளவு உற்சாகம் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

வெற்றி அத்தோடு நிற்கவில்லை. மார்கழியில் தலைவர் வீட்டு லானிலும் அங்கங்கே அணில்வால் ஆடியது. அவருடைய தோட்டக்காரர் கத்தரியை வைத்துவிட்டுச் சொல்லாமல் வேலையிலிருந்து நின்றுகொண்டார். ஒரு காலையில் தலைவர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கனைத்தார்.

"அம்மணி, உங்க மாட்டைக் கொஞ்ச நேரம் நம்ம பக்கமும்…"

"அதுக்கென்னுங்க. சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு ஓட்டியாறேனுங்க."

"சங்கமே நான்தான அம்மணி!"

தையில் மயிலை கிடாரிக்கன்று போட்டது. சீம்பாலில் முதல் சொம்பு தலைவர் வீட்டுக்குப் போனது. அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

பல வருடம் கழித்து என் கல்யாணப் பேச்சு நடந்தபோது, பெண் வீட்டார் முன்னால் அம்மா உண்மையைப் போட்டு உடைத்தாள். "நொய்யாவது ஒண்ணாவது! என்ற தம்பிகிட்டச் சொல்லி ஊர்ல இருந்து கொழுக்கட்டைப் புல்லு வெதை தருவிச்சு நாந்தேன் தூவுனேனுங்க. இவிங்கப்பனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள். அப்பா செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லா ஏமாத்திப்போட்டா" என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்த அழகைப் பார்க்க வேண்டுமே!

நேற்று மகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் பாய் கடைப் பேச்சு நினைவுக்கு வந்தது. ஒரு சொல் விடாமல் என் காதில் விழுந்த பேச்சு.

"புல்லு முழங்கால் உசரங்க. குத்துக் குத்தாத் தூர் கட்டிப்போச்சு" என்றார் அப்பா.

"அப்ப பெட்ரோலு மெசின்தான் சார். கண்ணை மூடிட்டு எடுங்க. காட்டையே சவரம் பண்ணிடும்."

"இந்தத் தள்ளறது?"

"அது வேணாம் சார். விரக்கடை உசரத்துப் புல்லுக்குத்தான் ஆகும். குத்துல விட்டா கத்தி சுத்தாது."

"சுத்தவே சுத்தாதுங்களா?"

"சுத்தவே சுத்தாது."

"ரெண்டு ஆளு சேந்து தள்ளுனாக்கூட?"

"சார், யானையே தள்ளுனாலும் சுத்தாது. நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அப்ப அதையே கட்டுங்க பாய்."

சிங்கத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி நான் பல்லைக் கடித்தேன். மெசின் வாங்கத் தெரியாத மனிதருக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டோமே என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு வருத்தம்.