கன்னியப்பனுக்கு நான் கொடுத்த லீவு

போன சனிக்கிழமை கூடுவாஞ்சேரியில், ஒன்பது பேர் முன்னால், "போன மாசம் நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

எழுபத்து நாலு வயதில் இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். தொண்டை வரை சுலபமாக வந்துவிடுகிறது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது.

குன்றத்தூர் முதியோர் இல்லக்காரர் டீயில் நனைத்த பிஸ்கட்டை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பாதி பிஸ்கட் டீக்குள் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

சேலையூர்ப் பக்கம் நாங்கள் சில ரிட்டயர்டு ஆசாமிகள் சேர்ந்து முதியோருக்கான பகல் மையம் ஒன்று நடத்துவது உங்களுக்குத் தெரியும். நான் எழுதும் இந்தப் பத்தியில் முன்பே இரண்டு மூன்று தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். காலையில் வேன் போய் வீடு வீடாக அழைத்து வரும். பேப்பர், கேரம், சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம், நாலு மணிக்குத் திரும்ப வீடு. பதினெட்டு பேர் வருகிறார்கள். நான் செயலாளர்.

பீற்றிக்கொள்ளாத ஒன்றும் உண்டு. எங்கள் விதிமுறைகளில் ஏழாவது — 'பாத்ரூமுக்குத் தானாகப் போய்வர முடிந்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்வோம்.'

எழுதியவன் நான்தான். பதினெட்டு பேருக்கு ஒரே ஓர் ஆயா, வேறு என்ன செய்ய? எழுதும்போது நியாயமாகத்தான் பட்டது. நமக்குத் தேவைப்படாத வரைக்கும் எந்த விதிதான் அநியாயமாகப் படும்?

சரி, கூடுவாஞ்சேரியில் எனக்கு என்ன வேலை? தாம்பரத்தைச் சுற்றி எங்களைப் போலச் சின்னச் சின்ன அமைப்புகள் ஐந்து, ஒரு வருஷமாக ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்கிறோம். குன்றத்தூரில் ஒரு முதியோர் இல்லம், கூடுவாஞ்சேரியில் மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்கான மையம், இப்படி. மாதம் ஒரு சனிக்கிழமை, ஒருவர் இடத்தில் மற்றவர்கள் கூடுவோம். அமைப்புக்கு இரண்டு பேர் — நடத்துகிறவர் ஒருவர், அங்கே கையால் வேலை செய்கிறவர் ஒருவர். சால்வை கிடையாது, குத்துவிளக்கு கிடையாது. அந்த மாதம் யார் முறையோ, அவர் தன் இடத்தில் சரியாக நடக்காத ஒன்றைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் பாராட்டக் கூடாது, அட்வைஸ் பண்ணக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம்.

அட்வைஸ் பண்ணாத பெரிய மனிதர் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? முதல் கூட்டத்தில் குன்றத்தூர்க்காரர் அட்வைஸையே கேள்வியாக்கிவிட்டார் — "நீங்க ஏன் சார் நான் சொல்றபடி செய்யக் கூடாது?"

ஆனால் அவரே தன் முறை வந்தபோது மனதைத் திறந்து காட்டினார். அவர் இல்லத்தில் மத்தியானச் சோறு பாதி தட்டிலேயே மிஞ்சுகிறது, ஏன் என்று புரியவில்லை என்றார். எல்லோருக்கும் குழைந்த சாதம். கூடுவாஞ்சேரி மையத்தில் ஆயாவாக இருக்கிற எஸ்தர் தட்டுகளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"பல்லு இருக்கறவங்க எத்தனை பேருன்னு யாராவது எண்ணினீங்களா சார்?"

யாரும் எண்ணவில்லை. மறுநாள் எண்ணினார்கள். பதினொரு பேர். அன்றிலிருந்து இரண்டு பாத்திரம், இரண்டு பதம்.

போன மாதம் எங்கள் முறை வந்தது. நான் என்ன குறையைக் காட்டினேன் தெரியுமா? 'வாலண்டியர்கள் போதவில்லை.' இன்டர்வியூவில் உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால், 'ரொம்பக் கடுமையா உழைப்பேன் சார்' என்கிறார்களே... அந்த ரகம்.

உண்மையான குறைக்கு எங்கள் மையத்தில் ஒரு பெயர் இருந்தது. கன்னியப்பன்.

திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குக் கிளம்பினால், எங்கள் மையத்துக்கு வருவதற்கு முன் அவருக்குப் பகல் முழுக்கத் துணை டி.வி.தான். "இங்கதான் சார் நான் எதுனா கேட்டா பதில் வருது" என்பார்.

எங்கள் பாத்ரூம் கொல்லைப்பக்கம். ஹாலிலிருந்து இருபது அடி. நடுவில் இரண்டு படி. இரண்டு தடவை அவர் போய்ச் சேர்வதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. இரண்டாவது தடவை அவரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். "கன்னியப்பன், ரூல் ஒண்ணு இருக்கு. இன்னொரு தடவை ஆச்சுன்னா... கமிட்டியில கஷ்டம்."

மென்மையாகத்தான் சொன்னேன். மென்மையாகச் சொல்லிவிட்டால் கொடுமை குறைந்துவிடும் என்று படித்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

அதற்குப் பிறகு ஒரு முறைகூட நனையவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் கூட்டத்துக்கு முதல் நாள் எனக்கு உதறல். வெளியாட்கள் வருகிறார்கள், அந்த நேரம் பார்த்து ஆகிவிட்டால்? வேன் டிரைவருக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் கன்னியப்பனை ஏத்த வேண்டாம். அவருக்கு லீவுன்னு சொல்லிடுங்க."

அவர் லீவு கேட்கவில்லை. நான் கொடுத்தேன்.

கூட்டம் நன்றாகத்தான் போனது. தண்ணீர் குடிக்கும் டம்ளர்கள் அடுக்கியிருந்த அலமாரி முன்னால் எஸ்தர் நிற்கும் வரை. ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர், நெயில் பாலிஷால் பெயர் எழுதி வைத்திருப்போம்.

"சார், இந்தக் கன்னியப்பன் யாரு?"

"இருக்கார். இன்னிக்கு உடம்பு சரியில்லை, வரலை."

அவர் அந்த டம்ளரை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். "ஒரு நாள் வராததுக்கு உள்ள இவ்ளோ தூசி சேருமா சார்?"

"நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும் எஸ்தர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி அங்கேயே செத்தது. முப்பத்தைந்து வருஷம் காலேஜில் பாடம் நடத்தியவனுக்குக் கேள்வியைக் கொல்லத் தெரியாதா என்ன?

பத்து நாள் கழித்து, நல்ல கத்திரி வெயிலில், கன்னியப்பனை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. ஓடினேன். உடம்பில் நீர் வற்றிப்போய், சிறுநீரில் கிருமி தொற்றி, காய்ச்சல். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. வார்டு வாசலில் அவர் மருமகள் சுமதி நின்றிருந்தார்.

"வேன் வர்ற நாள்ல காலையில காபிகூட வேணாம்னுடுவாரு சார். உங்க இடத்துலயும் தண்ணியே தொட மாட்டாராம். கேட்டா, 'குடிச்சா ஒண்ணுக்கு வரும், வழியில போய்ட்டா என்னை நிறுத்திடுவாங்க'ங்கறாரு. உங்க ரூலெல்லாம் எனக்குத் தெரியாது சார்... ஆனா உங்களை நல்லவருன்னுதான் சொல்வாரு."

வாங்கிப் போயிருந்த ஆப்பிளை சுமதி கையில் கொடுத்தேன். "அவர் தூங்கட்டும்மா, நான் அப்புறம் வர்றேன்" என்று கிளம்பிவிட்டேன்.

அவர் தூங்கவில்லை. கதவு இடுக்கில் அவர் முகம் வாசலைப் பார்த்துத் திரும்பியது எனக்குத் தெரிந்தது.

இதையெல்லாம்தான் போன சனிக்கிழமை சொன்னேன். என் முறை இல்லை. கேட்டு வாங்கிக்கொண்டு சொன்னேன். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டு வாங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமே? ஆனால் எங்கள் கூட்டத்தில்தான் திட்டவும் இடமில்லையே. கேள்வி மட்டும்தான்.

எஸ்தர் கேட்டார். அதட்டலாக இல்லை, மெதுவாக.

"எங்ககிட்ட சொல்லிட்டீங்க சார். அவருகிட்ட சொன்னீங்களா?"

குன்றத்தூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் கேள்வி இல்லை. ஆனா என்கிட்டயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தார். அது அவருடையது, நான் எழுதுவது முறையல்ல. அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் பேசினார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு வருஷமாக நாங்கள் கற்றுக்கொண்டதைவிட அந்த ஒரு மணி நேரத்தில் அதிகம் கற்றோம்.

அன்று சாயங்காலமே கமிட்டியைக் கூட்டி ஏழாவது விதியை அடித்தோம். அது சுலபம். மறுநாள் கன்னியப்பன் வீட்டுக்குப் போனதுதான் கஷ்டம்.

வீட்டுக்குத் திரும்பியிருந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"வா சார். குந்து."

குந்தினேன். கூட்டத்துக்கு வெளியாட்கள் வருகிறார்கள் என்று லீவு கொடுத்தது நான்தான், உடம்பு சரியில்லை என்று சொன்னது பொய், மருத்துவமனையில் பார்க்காமல் ஓடியது... எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சார்."

"எப்படி?"

"லீவுன்னு சொல்ல சொல்லோ டிரைவரு மூஞ்சி தரையப் பாத்துது. அவனுக்குப் பொய் வராது. ஒங்க அளவுக்குப் படிக்கல."

"கோபம் இல்லையா கன்னியப்பன்?"

"கீது சார். இல்லாமயா? சொக்காலாம் போட்டுகினு, தல வாரிகினு ரோட்ல நின்னேன்ல?" இழுக்கும் காலைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டார். "எங்க கம்பெனில நொழஞ்சதும் ஒரு செவப்பு டப்பா கீது சார். அளவு தப்பிப்போன பீஸெல்லாம் அதுல போடணும். எம்மாம் பெரிய கஸ்டமர் வந்தாலும் மொதலாளி அத மறைக்க மாட்டாரு. இன்னாத்துக்கு போச்சு, எப்டி போச்சுன்னு அது பக்கத்துலயே நின்னு பேசுவாரு. நீங்க இன்னா பண்ணீங்க? டப்பாவுக்கே லீவு வுட்டுட்டீங்க."

எனக்குத் தாங்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க. நீங்க ஒண்ணும் ரிஜெக்ட் பீஸ் இல்லை."

"நான் எங்க சார் என்னயச் சொன்னேன்? உங்க கக்கூஸச் சொல்றேன்!"

சிரித்துவிட்டோம். உள்ளேயிருந்து சுமதி எட்டிப் பார்த்தார் — என்ன, இரண்டு கிழவர்களுக்கும் கண் கலங்கியிருக்கிறதே என்று.

ரூல் போய்விட்டது, அடுத்த வாரத்திலிருந்து வேன் வரும், ஆயா கூடவே வருவார், தண்ணீர் குடியுங்கள் என்றேன். தலையாட்டினார்.

"அந்த மீட்டிங்குக்கு என்னயும் இட்டுகினு போவியா சார்?"

திகைத்துப்போனேன். ஒரு வருஷமாக ஐந்து அமைப்புகளும் கூடிக் கூடிப் பேசுகிறோம். சோறு தின்கிறவரையோ, அந்தப் படி ஏறுகிறவரையோ ஒரு நாள் கூப்பிட எங்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

"கட்டாயம் வாங்க. ஆனா அங்க அட்வைஸ் பண்ணக் கூடாது. கேள்வி மட்டும்தான்."

"அவ்ளோதானே? இப்பவே ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"உனக்கும் எழுபத்து நாலு ஆச்சுன்ற. அந்த ரெண்டு படிய நீ இன்னும் எத்தினி வருசம் ஏறுவ சார்?"

அங்கிருந்தே கொத்தனாருக்குப் போன் போட்டேன்.