கச்சிதம் விட்ட காலி இடம்

என் மருமகள் ஒரு கணினியை எண்பது மடங்கு வேகமாக ஓட வைத்தவள். சரி, எண்பது என்பது என் வாய்க்கு வந்த கணக்கு. எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நான் இறங்குவதாக இல்லை.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர். அட்டைப்பெட்டிக்குள் அவள் சட்டை அடுக்கினால் காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் ‘கச்சிதம்’. வீட்டிலும் அதே கதைதான். அவள் அடுக்கிய அலமாரியிலிருந்து ஒரு துண்டை உருவினால் அலமாரியே கூட வரும்.

கல்யாணத்துக்கு முன் பாதியில் விட்ட பட்டப்படிப்பை நான்கு வருடமாகப் பகுதி நேரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பாடமும் தாண்டியாயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று: இணைக் கணினி அமைப்பு. அதில் ஏற்கெனவே ஒருமுறை குப்புற விழுந்திருந்தாள். இன்னொரு முறை விழுந்தால் பட்டம் கிடையாது. பல்கலைக்கழகத்தின் விதி அப்படி.

கணினிக்குள் கணக்குப் போடும் மூளை ஒன்றல்ல, எட்டு. அவற்றைக் கோர் என்கிறார்கள். ஒரு வேலையை எட்டுக்கும் பங்கிட்டு, ஒன்று செய்வதைவிட ஐந்து மடங்காவது சீக்கிரம் முடித்துக் காட்ட வேண்டும். இதுதான் செய்முறைத் தேர்வு. இவள் எழுதிய நிரல், ஒரு பெரிய எண் குவியலில் ஒற்றைப்படை எண்கள் எத்தனை என்று எண்ணும். ஒவ்வொரு கோரும் தன் எண்ணிக்கையைக் குறித்துவைக்க ஒரு கட்டம். ஒன்றின் கட்டத்தில் மற்றது கை வைக்காது. அந்த எட்டுக் கட்டங்களையும் நினைவகத்தில் ஒட்டி ஒட்டி, இம்மி இடைவெளி இல்லாமல் அடுக்கியிருந்தாள். அவளால் வேறு எப்படி முடியும்?

ஒரு கோர் பன்னிரண்டு வினாடியில் முடித்தது. எட்டும் சேர்ந்து முப்பது வினாடி எடுத்துக்கொண்டன.

“எட்டும் சேர்ந்து லேட் பண்ணுதா?” என்றான் பேருந்து ஓட்டும் என் மகன். “அப்ப எங்க டிப்போவுலதான் டிரெயினிங் எடுத்திருக்கும்.”

“நீங்க வாய மூடிட்டு வெங்காயத்த உரிங்க.”

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. வெங்காயம் உரித்தது அவன். தேர்வுக்கு நான்கு நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை தொழிற்சாலையில், பேக்கிங் பிரிவின் எட்டு மேசைகளிலும் பெட்டிகள் தயாராகிக்கொண்டிருந்தன. பெட்டி ஒட்டியதும் அந்தந்தப் பெண் தன் பத்தியில் ஒரு கோடு போட வேண்டும். எட்டுப் பத்தியும் ஒரே தாளில். தாளை மிச்சப்படுத்த இந்த ஏற்பாட்டைச் செய்தவள் சாட்சாத் கச்சிதமேதான்.

“தாள் எங்கடி?”

“இப்பத்தான எங்கிட்டேர்ந்து பிடுங்கிட்டுப் போன!”

“ஒரே ஒரு கோடு போட்டுட்டுத் தர்றேன், இரு.”

“அக்கா, இவ கோலமே போடுறா அக்கா!”

கச்சிதம் அப்படியே நின்றுவிட்டாள். எவளும் எவள் பத்தியிலும் எழுதவில்லை. ஆனாலும் ஒருத்தி எழுத, மற்ற ஏழு பேரும் காத்துக்கிடந்தார்கள். கணினியும் நினைவகத்திலிருந்து ஒரு எண்ணை மட்டும் தனியாக எடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து ஒரு தாள்போல எடுக்கும். இவள் அடுக்கிய அழகில் எட்டுக் கட்டமும் ஒரே தாளில் கனகச்சிதமாக உட்கார்ந்துகொண்டு, கோர்களைப் பிடுங்குச் சண்டை போட விட்டிருந்தன.

அன்றே எட்டுப் பெண்களுக்கும் எட்டுத் தாள் கொடுத்தாள். “அக்காவுக்குக் காய்ச்சலா?” என்று நெற்றியைத் தொட்டே பார்த்தார்களாம்.

மாலை வீட்டுக்கு வந்து நிரலைத் திறந்தாள். ஒவ்வொரு கட்டமும் தனித் தாளில் உட்கார, அதன் பின்னே ஏழு கட்டத்துக்கான இடத்தைக் காலியாக விட வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அத்தை, ஏழு இடம்! சும்மா கிடக்குமே!”

“கிடந்துட்டுப் போகட்டும். உன் அப்பா வீட்டு நிலமா?”

ஒரு கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்டாள்.

தேர்வன்று நானும் கூடப் போனேன். ஆய்வகக் கதவின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றேன். பேராசிரியை நிரலை ஓடவிட்டார். திரையைப் பார்த்தார். மறுபடி ஓடவிட்டார்.

“வேகம் சரி. நடுவுல எதுக்கும்மா இவ்வளவு காலி இடம்?”

போன முறை இவள் ஊமையானது இப்படியொரு ‘எதுக்கு’ கேள்வியில்தான். நான் மூக்கைக் கண்ணாடியில் இன்னும் அழுத்திக்கொண்டேன். அவளோ பேக்கிங் மேசை, ஒற்றைத் தாள், பிடுங்குச் சண்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பேராசிரியை சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மேசையில் விழுந்தது. “அடுத்த வருஷம் கிளாஸ்ல இந்தத் தாள் கதையத்தான் சொல்லப் போறேன்” என்றபடி தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தவள் வராந்தாவே அதிரக் குதித்தாள் பாருங்கள், மூன்று மாடியும் ஆடியது. எட்டு மடங்கு வேகம் என்றால் சும்மாவா?

இவ்வளவும் எழுதிய பிறகுதான் கவனித்தேன், கச்சிதம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எட்டு இல்ல அத்தை, ஆறு புள்ளி ஏழு. அப்புறம், வராந்தால குதிச்சது நான் இல்ல, நீங்க.”